நாற்பத்தெட்டுப் படிகளும் ஒரு குழந்தை வண்டியும்

வெட்டூர்ணிமடம்,
நாகர்கோவில்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்ததில் முற்றத்துப் படியில் பாசி பிடித்துவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய மூன்று ஸ்ட்ரோலர்களின் படங்களையும் பார்த்தேன். "உங்களுக்குத்தான் சக்கரம் தெரியும், எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள் அப்பா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பிள்ளையின் அழுகைக்கு நடுவே பாதி உன் காதில் விழாது என்பதால் எழுதுகிறேன். ராணித்தோட்டம் பணிமனையில் 31 ஆண்டுகள் பேருந்துக்கு அடியில் படுத்துக் கிடந்தவருக்குக் குழந்தை வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று உன் அம்மா சிரித்தாள். அச்சு, சக்கரம், பிரேக், பாரம் ஆகிய நான்கும் பேருந்தானாலும் பிள்ளை வண்டியானாலும் ஒரே கணக்கில்தான் இயங்குகின்றன என்று அவளிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய படங்களில் எல்லா வண்டிகளும் புல்வெளியில் நிற்கின்றன. உன் வீட்டுக்கும் புல்வெளிக்கும் என்ன தொடர்பு? சித்திரையில் நான் பெங்களூருக்கு வந்தபோது எண்ணினேன். உன் வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படிகள், லிஃப்ட் கிடையாது. காலை எட்டரை மணிக்குப் பிள்ளையை ஒரு தோளிலும் மடிக்கணினிப் பையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு நீ இறங்குகிறாய்; இரண்டு தெரு தள்ளி இருக்கும் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகப் பேருந்தைப் பிடிக்கிறாய். மாப்பிள்ளையின் காரிலோ, டிக்கியின் பாதியை சி.என்.ஜி. சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, நீ அந்த வண்டியைத் தள்ளும் நேரத்தைவிட அதைத் தூக்கும் நேரம்தான் உன் முதுகுக்கு அதிகமாகத் தெரியப்போகிறது. எடையையும் மடிப்பையும் முதலில் பார். மற்றவை அதற்குப் பிறகுதான்.

நீ அனுப்பிய விவரத்தின்படி முதல் வண்டி, அந்த மூன்று சக்கர வண்டி, 12 கிலோ. கார் இருக்கையுடன் வரும் இரண்டாவது, இருக்கையைக் கழற்றிய பிறகும் பதினொன்றரைக் கிலோ. மூன்றாவது, கைக்குள் மடங்குவது, ஆறரைக் கிலோ. நம் பிள்ளையும் இப்போது ஆறரைக் கிலோ. ஒரு வயது நிறையும்போது அவள் ஒன்பது கிலோவுக்கு வருவாள். வண்டியின் எடை மட்டும் குறையப்போவதில்லை. வண்டியைக் கீழே வாகன நிறுத்துமிடத்தில் பூட்டி வைக்கலாமே என்று மாப்பிள்ளை சொல்வார். அங்கே ஸ்கூட்டர் இருக்கையில் பூனை படுத்திருந்ததை நான் பார்த்தேன். பிள்ளை வாய் வைக்கும் இடத்தில் பூனை மயிரும் தூசியும் வேண்டாம்.

மடிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்று நாம் காணும் குடைபோல் மடங்கும் வண்டியை 1965-இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரங்கள் உள்ளே மடங்கும் அமைப்பில் வேலை செய்த பொறியாளர். பேத்தியுடன் ஊருக்கு வந்த மகள் கனமான வண்டியோடு படும் பாட்டைப் பார்த்துத்தான், விமானச் சக்கரத்தை மடக்கிய கையால் அலுமினியக் குழாய்களில் அந்த வண்டியைச் செய்தாராம். அவருக்கு முன்னால் 1733-இல் வில்லியம் கென்ட் என்பவர் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குச் செய்த வண்டியை ஆடோ மட்டக் குதிரையோ இழுக்க வேண்டியிருந்தது. நீ அனுப்பிய இரண்டாவது வண்டியைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆட்டின் நினைவுதான் வந்தது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உன் அம்மா ஏற்கெனவே சொல்லிச் சிரித்திருப்பாள். சென்ற செவ்வாய்க்கிழமை ஆறரைக் கிலோ சம்பா அரிசியை நிறுத்து, ஒரு துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு, வடசேரியில் ஒரு கடைக்குப் போனேன். நீ அனுப்பிய வகைகள் மூன்றும் வேறு வேறு பெயர்களில் அங்கே இருந்தன. அரிசியை உட்காரவைத்துப் பெல்ட்டைப் பூட்டித் தெருவில் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றதும் கடைப் பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

கடைக்கு வெளியே முதலில் பேவர் பிளாக், அதைத் தாண்டினால் ஓடையை மூடிய சிமென்ட் சிலாப்புகள், அவற்றுக்கிடையே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. மூன்று சக்கர வண்டி, காற்றடைத்த 12 அங்குலச் சக்கரத்தில், அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாமல் கடந்தது. ஆறரைக் கிலோ வண்டியின் முன்சக்கரம் ஐந்து அங்குலம்கூட இல்லை. சிலாப் இடுக்கில் நேராக இறங்கி நின்றுவிட்டது. அதிர்ச்சி என் மணிக்கட்டில் தெரிந்தது. அரிசிப்பை முன்னால் வழுக்கி வந்து பெல்ட்டில் தங்கியது. இரண்டாம் முறை வண்டியைத் திருப்பி, பெரிய பின்சக்கரம் முதலில் வரும்படி என் பக்கமாக இழுத்தேன், சத்தமில்லாமல் ஏறிவிட்டது. நடைபாதை விளிம்பில் ஏறும்போதும் இறங்கும்போதும் நீ இதையே செய்.

ஓட்டத்தில் மட்டும் மதிப்பெண் போட்டால் மூன்று சக்கர வண்டிக்குத்தான் முதலிடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ இங்கேயே, தரையோடு இருக்கும் வீட்டில் இருந்திருந்தால், அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அதை மடக்கி ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தேன். முன்சக்கரத்தைக் கழற்றிய பிறகும் எனக்கு உட்கார இடமில்லை. காற்றடைத்த டயர் பஞ்சரும் ஆகும். அது ஓட்டப் பயிற்சிக்கென்று செய்யப்பட்டது. அதிலும்கூட, கழுத்தும் முதுகும் நிலைபெறும் வரை, குறைந்தது ஆறு முதல் எட்டு மாதம் வரை, பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. மாப்பிள்ளை காலையில் ஓடப் போகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஓடத் தொடங்கட்டும், பிறகு பார்க்கலாம்.

நீ கடைக்குப் போனால் பார்க்க வேண்டியவை இவை. சமதரையில் வண்டியை நேராகத் தள்ளிக் கையை விட்டுப் பார். ஒரு பக்கம் இழுத்தால் அச்சு சரியில்லை. சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார். புது வண்டியிலேயே அதிகம் லொடலொடத்தால் ஆறு மாதத்தில் தாங்காது. பிரேக் ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரங்களையும் பிடிக்க வேண்டும். செருப்புக் காலாலேயே போடவும் எடுக்கவும் வர வேண்டும். கைப்பிடி உன் தொப்புள் உயரத்துக்கு வந்தால் குனியாமல் தள்ளலாம். மாப்பிள்ளை உன்னைவிட அரையடி உயரம் என்பதால் அவரையும் தள்ளிப் பார்க்கச் சொல். நிறம், கோப்பை தாங்கி, பொம்மை தொங்கவிடும் கம்பி இவற்றில் எனக்குக் கருத்தில்லை.

இதைக் கொஞ்சம் நிறுத்தி வாசி மக்களே. பிள்ளைக்கு இப்போது நாலரை மாதம்தான் ஆகிறது. தானாக உட்காரும் வயதல்ல. சாய்மானம் நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் தொங்கி, தாடை மார்பில் படிந்து, மூச்சுக்குழாய் குறுகிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு அது ஆபத்து. எனவே முதுகுப் பலகை ஏறக்குறையப் படுக்கையாகச் சாய வேண்டும். பிறந்த குழந்தைக்கும் ஏற்றது என்று சொல்லும் வண்டியில் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 150 பாகையாவது விரிய வேண்டும் என்று இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரம் கேட்கிறது. மடங்கும் சிறு வண்டிகளில் எல்லாமே அப்படிச் சாய்வதில்லை. நீ பார்த்திருக்கும் மூன்றாவது வண்டி சாயாது என்றால், அவள் தானாக உட்காரும் வரை தோளிலேயே தூக்கிக்கொள், அவசரப்பட்டு வாங்காதே.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக இருக்கட்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கிடையே ஒன்று. இடுப்பு வார் மட்டும் உள்ள வண்டியில் பிள்ளை எழுந்து நிற்கப் பார்க்கும். மடக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளையை எட்டத்தில் வைத்துக்கொள். 2009-இல் அமெரிக்காவில், மடிப்பு மூட்டில் குழந்தைகளின் விரல் நுனி துண்டான காரணத்தால், ஏறக்குறைய பத்து லட்சம் வண்டிகளின் மூட்டுகளுக்கு உறை கொடுக்க வேண்டி வந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை உன் அண்ணனுக்குத் தெரியாது. போன வருடம் மஸ்கட்டிலிருந்து அவர்கள் வந்திருந்தபோது, பேரனை வண்டியில் வைத்துச் சந்தைக்குப் போனேன். திரும்பும்போது இரண்டு தேங்காயும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் ஒரு டஜன் முட்டையும் கைப்பிடியில் பையோடு தொங்கின. வாசலில் பிரேக்கைப் போட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அடுத்த கணம் வண்டி பின்பக்கமாகக் குடை சாய்ந்தது. முன்னால் இருந்த எடை என் கையில், பின்னச்சுக்கு வெளியே இருந்த எடை கைப்பிடியில். சாயாமல் என்ன செய்யும்? வாழ்நாளெல்லாம் பாரக் கணக்குப் பார்த்தவன் செய்த வேலை அது. பிள்ளை கையில் இருந்ததால் முட்டையோடு போயிற்று. சாமான்களை இருக்கைக்குக் கீழே உள்ள கூடையில் மட்டும் வை.

வெயிலுக்கென்று வண்டியின் மேல் துணியைப் போட்டு மூடாதே. மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். பிள்ளையின் முகமும் உனக்குத் தெரியாது. கூரை நன்றாக முன்னால் இறங்கும் வண்டியாகப் பார். கொசுவுக்கு வலை போதும்.

குளச்சல் சித்தி, தன் பேரனின் பழைய வண்டி சும்மாதான் கிடக்கிறது, கொடுத்துவிடுகிறேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அலுமினியச் சட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடற்காற்றில் ரிவெட்டுகளும் பிரேக் ஸ்பிரிங்கும் துருவேறிவிட்டன, பக்கிளை அழுத்தினால் மீண்டு வரவில்லை. பெல்ட்டும் வெயிலில் நைந்திருந்தது. சித்தி மனம் நோகாமல் நான் பேசிக்கொள்கிறேன்.

மார்கழியில் நீங்கள் ஊருக்கு வரும்போது இங்கே எப்படிப் பயன்படும் என்றும் கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால், பாதி இடங்களுக்கு அது வேண்டியதில்லை. சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்தில் முழங்கால் உயரத்தில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதைவிடத் தோளில் வைத்திருப்பதே நல்லது. பத்மநாபபுரம் அரண்மனையின் குறுகிய மரப்படிகளிலும், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகிலும் வண்டிக்கு வேலையில்லை. சங்குத்துறை மணலில் சிறு சக்கரம் புதைந்துவிடும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் மணல் அச்சுக்குள் போய் அரைக்கும். மாலையில் நம் தெருவில் உலாவவும், சோறு ஊட்டவும், உன் அம்மா அடுக்களையில் நிற்கும்போது பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுக்கவும்தான் அது பயன்படும். பிள்ளை நம்மைப் பார்த்தபடி இருக்கும் வண்டிதான் வேண்டும் என்பது அவள் கட்சி. 2008-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வொன்றில், பிள்ளை தாயை நோக்கி இருந்த வண்டிகளில் தாய்மார் இருமடங்கு பேசினார்கள் என்று கண்டிருக்கிறார்கள். மூன்றாவது வண்டியின் இருக்கை திரும்பாது. அதுதான் அதில் எனக்கும் குறையாகப் படுகிறது. காப்பகத்துக்குப் போகும் பத்து நிமிடத்தில் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், நாற்பத்தெட்டுப் படிகளில் ஐந்து கிலோவைக் கூடுதலாகப் பொறுக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

காருக்கான இருக்கையைத் தனியாக வாங்கிவிடு, அதைத் தள்ளிப்போடாதே. ஆனால் அது காருக்கு மட்டும்தான். கார் நின்றதும் பிள்ளையை அதிலிருந்து எடுத்துச் சமமாகப் படுக்க வைத்துவிட வேண்டும். தூங்குகிறாளே என்று அதிலேயே விடக் கூடாது.

ஆகவே மூன்றாவதையே வாங்கு, முதுகுப் பலகை முழுதாகச் சாய்கிறதா என்று கடையில் கண்ணால் பார்த்த பிறகு. படியில் ஏறும்போது பிள்ளை தோளில், மடித்த வண்டி கையில். பிள்ளையோடு சேர்த்து வண்டியை இருவர் தூக்கி இறங்கும் வேலை எந்நாளும் வேண்டாம்.

முற்றத்துப் படியைப் பற்றிச் சொன்னேனே. மூன்று படிகளில் ஒரு பக்கத்தை உடைத்துச் சரிவாகச் சிமென்ட் பூசிவிடலாம் என்றிருக்கிறேன். வழுக்காமல் இருக்க ஈர்க்குச்சியால் கோடு போட்டுத்தரக் கொத்தனாரும் ஒப்புக்கொண்டார், சனிக்கிழமை வருகிறார். வண்டியை வாங்கியதும், பின்சக்கரங்கள் இரண்டின் வெளிப்புற அகலத்தை அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா