லைசோசோமைக் குப்பைத்தொட்டி என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில் வந்த புற்றுநோய்க் கட்டுரையை, நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில் பைக்கில் உட்கார்ந்தபடியே முழுசாகப் படித்துவிட்டேன். அது எவ்வளவு நேரம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு வரி உறுத்துகிறது. வளர்ச்சிக் காரணியின் ஏற்பிகளை (செல்லின் மேல் இருந்து, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதங்களை) செல் அளவுக்கு மேல் உற்பத்தி செய்வதால்தான் புற்றுநோய் என்பது ஒன்று, லைசோசோம் (செல்லுக்குள் பொருள்களைச் செரிக்கும் பை) என்பது செல்லின் குப்பைத்தொட்டி என்பது இன்னொன்று. இரண்டாவது பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. 31 வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான், அத்தனை வருஷமும் லைசோசோமை 'தற்கொலைப் பை' என்றே சொல்லிக்கொடுத்தேன், ஒரு மார்க் கேள்விக்கு அது போதுமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார், குட்டிகள் வழக்கத்துக்கு முன்னாலேயே கண் திறந்தன. அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி, 1986-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த ஈ.ஜி.எஃப். செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில் வந்து ஒட்டியதும், 'பெருகு' என்ற சமிக்ஞை உள்ளே போகிறது. இதுவரை உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. அப்புறம் அந்த ஏற்பி என்ன ஆகிறது என்பதுதான் இல்லை.

அது மேலேயே உட்கார்ந்திருக்காது. செல்லின் சவ்வு குழிந்து, ஏற்பியைக் காரணியோடு சேர்த்து ஒரு சின்னப் பையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பை போய்ச் சேரும் இடம் எண்டோசோம், செல்லுக்குள் இருக்கும் பிரிப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நேரத்தில் எங்கள் அண்ணன் நடத்தும் ரைஸ் மில்லில் சாக்கு பிரிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான் அங்கே நடக்கிறது. நெல்லைக் கொட்டிவிட்டுக் காலியான சாக்கு திரும்பக் களத்துக்குப் போகும், கழிக்க வேண்டிய சாக்கில் குறி போட்டு ஓரமாகத் தள்ளுவார்கள். எண்டோசோமுக்குள் லேசான அமிலத்தன்மை உண்டு. அதே ஏற்பியில் ஒட்டும் டி.ஜி.எஃப். ஆல்ஃபா என்ற இன்னொரு காரணி அந்த அமிலத்தில் ஏற்பியை விட்டுக் கழன்றுவிடும், அதனால் ஏற்பி பெரும்பாலும் மேலே திரும்பி மறுபடி வேலை பார்க்கும். ஈ.ஜி.எஃப். அவ்வளவு சுலபமாகக் கழலாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஏற்பிதான், ஆனாலும் யார் வந்து ஒட்டினார்கள் என்பதை வைத்து அதன் கதி மாறுகிறது. எனக்கு இதைப் படித்தபோது ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, வகுப்பில் சொல்ல முடியாமல் போயிற்றே என்று இருந்தது.

கழிக்க வேண்டியதில் போடும் குறி யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம், மொத்தமே 76 அமினோ அமிலம். சி.பி.எல். என்ற நொதி அதை, ஏற்பியின் செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் ஒட்டுகிறது. ஈ.ஜி.எஃப். கொஞ்சமாக இருந்தால் குறி அவ்வளவாக விழாது, ஏற்பிகளில் பெரும்பகுதி திரும்பி வரும். வெள்ளமாக வந்தால் குறி சரசரவென்று விழும், ஏற்பிகள் அழிவுக்குப் போகும். போட்ட குறியை அழிக்கிற நொதிகளும் உண்டு, கடைசி நேரத்தில்கூட ஒரு ஏற்பி தப்பித்துவிடலாம்.

சாக்கு உவமை இதற்கு மேல் ஓடாது, ஏனென்றால் சாக்கு பேசாது, ஏற்பி பேசும். எண்டோசோமுக்குள் வந்த பிறகும் அதன் வால் வெளியே செல்திரவத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் 'பெருகு, பெருகு' என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். எண்டோசோமின் சவ்வு இன்னொரு முறை உள்பக்கமாகக் குழிந்து, ஏற்பியை வாலோடு ஒரு குமிழுக்குள் அடைக்கும்போதுதான் அதன் வாய் அடைபடுகிறது. பிறகு லைசோசோம் செரித்துவிடும். ஆக, ஒரு செல்லுக்கு எவ்வளவு நேரம் 'பெருகு' என்ற சொல் கேட்க வேண்டும் என்பதே இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. இதைப் போய்க் குப்பைத்தொட்டி என்றால் எப்படி?

இனி அந்த முதல் வரி. எங்கள் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது ரிப்போர்ட்டில் 'ஹெர்-2, 3 பிளஸ்' என்று இருந்தது. ஹெர்-2 என்பதும் ஈ.ஜி.எஃப். ஏற்பியின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பி, 3 பிளஸ் என்றால் அது மிக அதிகம் என்று அர்த்தம். அந்த வகையில் நீங்கள் எழுதியது சரி, அங்கே மரபணுவே பல பிரதியாகி ஏற்பி அளவுக்கு மேல் உண்டாகிறது. கூடவே ஹெர்-2 உள்ளே போனாலும் பெரும்பாலும் திரும்பி மேலே வந்துவிடும், தன்னோடு ஜோடி சேர்ந்த மற்ற ஏற்பியையும் அழிவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும், அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஆனால் நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை இருக்கிறது: 'மெட்' என்ற ஏற்பியில் 14-ஆம் எக்ஸான் (மரபணுவில் புரதத்துக்கான ஒரு துண்டு) தரும் பகுதி விடுபட்டுப் போகும், விடுபட்ட துண்டில்தான் சி.பி.எல். வந்து பிடிக்கும் இடம் இருந்தது. பிடி இல்லை, குறி விழவில்லை, ஏற்பி சாகவில்லை. உற்பத்தி கூடாமலே புற்றுநோய். இதற்கென்றே மருந்தும் வந்துவிட்டது, கேப்மாட்டினிப் என்று பெயர், அமெரிக்காவில் 2020-ல் அனுமதித்தார்கள்.

இன்னொன்று. அண்ணிக்குப் பிற்பாடு கொடுத்த மருந்து ஹெர்-2-வைப் பிடிக்கிற ஆன்டிபாடியில் விஷத்தைக் கட்டிவிட்ட வகை. அது ஏற்பியோடு ஒட்டி உள்ளே போய், லைசோசோம் அந்த ஆன்டிபாடியைச் செரித்தால்தான் விஷம் வெளியே வந்து புற்றுசெல்லைக் கொல்லும். டாக்டர் இரண்டு வரியில் சொன்னார், நான்தான் வீட்டுக்கு வந்து அண்ணிக்குப் படம் போட்டுக் காட்டினேன். 'அப்போ நமக்கு வேலை பார்க்கிறது அந்தப் பைதானா' என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திருத்தம் போட இடமில்லை என்றால் பரவாயில்லை. கட்டுரையோடு போட்ட அந்தக் குப்பைத்தொட்டிப் படத்தையாவது இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். என் பழைய மாணவன் ஒருவன் அதை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, 'சார், நீங்க தற்கொலைப் பைன்னுதானே சொன்னீங்க, எது சரி?' என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.