எங்கள் பழைய வானுக்கு வெள்ளை பூசியவர்களுக்கு

எங்கள் ஒழுங்கை ஆக்களுக்கும், குருநகர் அண்ணைக்கும், ரிங்கர் ஐயாவுக்கும், சனசமூக நிலையத் தம்பிமாருக்கும் வணக்கம்.

வான் ரோட்டில் இறங்கிய நாளிலிருந்து சந்தியில் மறித்து, "எந்தக் கராஜில ஸ்பிறே அடிச்சனீங்கள்?" என்று கேட்கிறார்கள். கராஜுக்கே போகவில்லை, வீட்டு முற்றத்தில் நாலு அங்குல ரோலரால் உருட்டியது என்று சொன்னால் அரைவாசிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மிச்சப் பேர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீர் பெரிய கெட்டிக்காரன்தான்" என்கிறார்கள். இவரும் மறுக்காமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் இந்த மடலை அவரிடம் விடாமல் நான் எழுதுகிறேன். யார் யார் என்ன செய்தார்கள் என்பது ஒழுங்காகப் பதிவில் இருக்கட்டும்.

வானைத் தெரியாதவர்களுக்கு: அது ஒரு டொல்பின். டொயோட்டா ஹையேஸில் 1989இல் வந்த ரகம். ஹயர் ஓடி, பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, களைத்துப்போய் எங்கள் வீட்டுக்கு வந்தது. பின் சீற்றுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டு, கேஸ் அடுப்பும் தண்ணீர்க் கானும் வைத்து, கசூரினாக் கரையிலும் மன்னார்ப் பக்கமும் இரவு தங்கிப் படுக்கிற மாதிரி இவர் மாற்றியிருந்தார். உள்ளே வீடு, வெளியே பார்த்தால் பழைய இரும்புக்குப் போகவேண்டிய கோலம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கத்தில் திறந்துவிடும்வரை பழைய வான்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். விற்றுவிட்டு வேறு வாங்கும் யோசனையே எங்களுக்கு வரவில்லை. ஸ்பிறே அடிக்க ஓர் இடத்தில் விலை கேட்டோம். அவர் சொன்னது வானுக்கா, வீட்டுக்கும் சேர்த்தா என்று திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. சரி, நாங்களே பூசுவோம் என்று முடிவெடுத்தது அங்கேதான்.

முதல் நன்றி, வாகனத் தகடு வேலை செய்கிற ரிங்கர் ஐயாவுக்கு. பெயின்ற் வாங்க ஓடிக்கொண்டிருந்த எங்களை மறித்து, "பிள்ளை, பெயின்ற் கடைசி வேலை. முதல்ல கறளைப் பாருங்கோ" என்றவர் அவர். சில்லுக்கு மேல் உள்ள வளைவு, கதவுகளின் அடி விளிம்பு, முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழே என்று ஒவ்வொரு இடமாக ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பார்த்தார். பார்வைக்கு நல்லதாக இருந்த இடங்களிலும் நுனி உள்ளே போனது. கறளுக்கு மேலே பட்டி (குழி நிரப்புகிற பசை) வைத்தால் ஒரு மாரி தாங்கும், அடுத்த மாரிக்குக் கொப்பளித்துக்கொண்டு வரும் என்று சொல்லி, உக்கின தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவைத்துத் தந்தார். வெட்டத் தேவையில்லாத சின்னச் சின்னக் குழிகளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த திரவம். அது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றிவிடும். பிறகு கழுவிக் காயவைத்து, அடிப்பூச்சாக றெட் ஒக்சைட் பூசலாம். பட்டியை இறுகவைக்கிற ஹார்ட்னர் கலக்கும்போது எங்கள் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் பூசுவதற்கு முதலே தட்டில் கல்லாகிவிடும் என்பதும் அவர் பாடம். முதல் நாள் வேலைக்குக் கூலி வாங்கினார். பிறகு "சும்மா பாக்க வந்தனான்" என்று வந்த நாட்களுக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. சும்மா பார்க்க வருகிறவர் ஏன் சுத்தியலோடு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது நன்றி கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும்: தண்ணீருக்கு. எங்கள் வீடு அராலியில், கடல்நீரேரிப் பக்கம். கிணற்றுத் தண்ணீர் உவர். உடுப்புத் தோய்த்தாலே சவர்க்காரம் நுரைக்காது. அந்தத் தண்ணீரால் வானைக் கழுவிக் காயவிட்டால் தகட்டில் உப்புப் படியும். அதன் மேல் பெயின்ற் பூசினால், உள்ளே அகப்பட்ட உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துப் பெயின்றைக் கொப்பளிக்க வைக்கும். இதைக் கேள்விப்பட்ட முன்வீட்டு அன்ரி தன் மழைநீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். மாரிக்குச் சேர்த்துப் பங்குனி, சித்திரைக்கு என்று இறுக்கி மூடி வைத்திருக்கிற தண்ணீர் அது. ஒவ்வொரு முறை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த பிறகும் அந்தத் தண்ணீரால்தான் கழுவினோம். அன்ரி, அந்தத் தொட்டியில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று நானும் பார்த்தேன். நீங்கள் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பெயின்ற் கடைத் தம்பிக்கு நன்றி சொல்வது, விற்கவேண்டிய சாமானை விற்காமல் விட்டதற்காக. பளபளப்புக்கு ஆசைப்பட்டு, ஹார்ட்னர் கலந்து அடிக்கிற கார் பெயின்ற் கேட்டோம். அதில் ஐசோசயனேற் இருக்கிறது, மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும், வெளிக்காற்றுக் குழாயோடு முகமூடி போட்டுச் செய்கிற வேலை அது, வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்கு நடுவில் வேண்டாம் என்று டின்னைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். கூடிய விலைச் சாமானை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் குறைந்த விலை எனாமலை எடுத்துத் தந்த வியாபாரியை நான் அதற்கு முன் கண்டதில்லை. படகுக்கும் கேற்றுக்கும் பூசுகிற அந்த எண்ணெய் எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து மெதுவாக இறுகுகிறது. அந்த மெதுவான இறுக்கம்தான் எங்களுக்கு உதவியது: ரோலர் விட்டுப்போகும் புள்ளிகள் தாமாகப் பரவி மட்டமாக அதற்கு நேரம் கிடைக்கிறது. கழுவவும் கரைக்கவும் ரேப்பன்ரைன் போதும். தின்னர் பட்டால் ரோலரின் ஸ்பொஞ்சே ஊதிவிடும் என்று அதையும் அவரே சொன்னார்.

இனிக் குருநகர் அண்ணை. இந்த மடலில் பாதியை அவருக்கே எழுதலாம்.

ஃபைபர் படகுகள் வருவதற்கு முதலே மரப் படகுக்குப் பூசிப் பழகிய கை அவருடையது. ஞாயிறு பூசை முடிந்து, நல்ல சேர்ட்டோடு எட்டிப் பார்க்க வந்தவர், இவர் ரோலர் உருட்டுகிற விதத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்க பிறஷைப் பிடியுங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். அதுவரை எனக்குத் தேநீர் போடுகிற வேலை மட்டும்தான்.

அவர் முறை இருவர் செய்கிற முறை. ஒருவர் ரோலரால் மெல்லிசாக உருட்டிக்கொண்டு போகவேண்டும். மற்றவர் பின்னாலேயே, பெயின்ற் தொடாத நல்ல மென்மையான பிறஷின் நுனியால், பாரம் கொடுக்காமல், ஒரே திசையில் இழுத்துவிட்டுக்கொண்டு வரவேண்டும். ஸ்பொஞ்ச் ரோலர் விடுகிற சின்னக் குமிழிகள் அந்த இழுவையில் உடைந்துவிடும். நிற்கக்கூடாது. ஈரமான விளிம்பு காயுமுன் அடுத்த துண்டு அதோடு சேரவேண்டும், இல்லையென்றால் இணைப்பு கோடாகத் தெரியும். அதனால் கதவு, மூலை, பீலி என்று இயல்பாக முடிகிற இடம்வரை போய்த்தான் மூச்சு விடலாம். கூரை முதலில், பக்கங்கள் பிறகு.

பெயின்ற் எவ்வளவு தண்ணியாக இருக்கவேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன அளவு இது: "தோசைமா இல்லை, மோர்." தடிப்பாக ஒரு பூச்சில் முடிக்க நினைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று சுருங்கிவிடும். ஆகவே மெல்லிய பூச்சு, ஓர் இரவு விட்டு, 600 இலக்க வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு மெதுவாகத் தேய்ப்பு, கழுவல், திரும்பப் பூச்சு. முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. பழைய நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். இவர் முகம் செத்துவிட்டது. அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை, பிறஷைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு வாறன்" என்றார்.

நேரம் குறித்ததும் அவர்தான். மாசிப் பனி மூசிப் பெய்கிற காலம். பின்னேரம் பூசினால் காயுமுன் பனி விழுந்து மினுக்கம் செத்துவிடும். மத்தியானம் தகடு சுடும், பெயின்ற் பரவ முதலே இழுத்துப் பிடிக்கும். காலையில் பனி உலர்ந்த பிறகு, தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடேறுமுன் முடிக்கவேண்டும். சோளகக் காற்றுத் தொடங்கினால் அந்தப் புழுதியில் பெயின்ற் வேலையை மறந்துவிடலாம் என்பதால், பங்குனி முடியுமுன் கடைசிப் பூச்சு என்று அவர் தவணை வைத்தார். கடலுக்குப் போகிற ஆட்களுக்குக் காற்றைப் பற்றி எதிர்ப்பேச்சு பேசக்கூடாது. பேசவும் இல்லை.

நிழல் தந்தது சனசமூக நிலையம். செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் கொடுக்கிற படங்கையும் கம்பிகளையும் ஒரு வானுக்காகக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தலைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் திறப்பை நீட்டினார். வாசிகசாலையில் கட்டிவைத்திருந்த பழைய உதயன், வலம்புரிப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்தன. கண்ணாடிகளுக்கும் விளக்குகளுக்கும் இரண்டு மடிப்பாக ஒட்டினோம், ஒற்றைத் தாளில் எனாமல் ஊறிவிடும். மாஸ்கிங் ரேப்பைப் பெயின்ற் முழுக்கக் காயுமுன் உரிக்கவேண்டும் என்று காவலுக்கு நின்ற தம்பி, உரித்தபிறகும் பின்பக்கத்தில் அரசியல் கட்டுரை ஒன்றை வாசித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் நன்றி.

ஒழுங்கைப் பிள்ளைகளே, உங்களை மறக்கவில்லை. கிரிக்கெற்றை அடுத்த வளவுக்கு மாற்றினீர்கள். கோழிகளைக் கலைத்தீர்கள். கூரையில் ஒட்டின பூச்சியை எடுக்கப்போன இவரின் கையைப் பிடித்து, "ஐயோ மாமா, காய விடச் சொன்னவர்!" என்று கத்திய சின்னவளுக்குத் தனியாக ஒரு ஐஸ்கிறீம் கடன் இருக்கிறது. ஈரத்தில் கிள்ளினால் குழி விழும். காய்ந்தபிறகு வாட்டர் பேப்பரால் ஒரு தேய்ப்புப் போதும். அண்ணை சொன்னதை இவர் மறந்தார், அவள் மறக்கவில்லை. பனங்கட்டியோடு பிளேன்ரீ தந்த வீடுகளும், கடைசிப் பூச்சன்று ஒடியல் கூழ் காய்ச்சிய சின்னம்மாவும் என் கணக்கில் இருக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கடல்நீலம் பூசச்சொல்லி வெளிநாட்டிலிருக்கிற மருமகன் படம் படமாக அனுப்பினான். பதிவுப் புத்தகத்தில் வெள்ளை என்று இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்திலும் மாற்றவேண்டும். உள்ளே படுக்கிற வானுக்கு நம் வெயிலில் வெள்ளையைவிட நல்ல நிறமும் இல்லை. அவன் ஆசைக்கு இடுப்புயரத்தில் ஒரு நீலக் கோடு மட்டும் போட்டோம். அதைப் போட்டவர் முன்பு கடைப் பெயர்ப் பலகைகள் எழுதிய மாஸ்ரர். பிளாஸ்ரிக் பனர்கள் வந்தபிறகு அவரிடம் யாரும் எழுதக் கொடுப்பதில்லை. ரேப் ஒட்டவா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முன்கதவிலிருந்து பின்மூலைவரை வெறும் கையால் இழுத்தார். வானிலேயே மிகத் திருத்தமான வேலை அந்தக் கோடுதான், பூசிய எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கிட்ட நின்று வெயில் சாய்வாகப் படும்போது பார்த்தால் ரோலரின் மெல்லிய சொரசொரப்புத் தெரியும். ஆறடி தள்ளி நில்லுங்கள், தெரியாது. எனாமல் ஆதலால் காலம் போகப் போக வெயிலில் மங்கும். அப்போது அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப உருட்டலாம், வீட்டு வேலையின் லாபம் அதுதான். உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருப்பதால் பொலிஷ் போடக்கூடாது என்று அண்ணையின் உத்தரவு. தயவுசெய்து யாரும் அன்பு மிகுதியால் மெழுகு கொண்டுவராதீர்கள்.

ரோலர் தடிகளும், மிஞ்சிய வாட்டர் பேப்பரும், அரை டின் றெட் ஒக்சைட்டும் எங்கள் வீட்டுக் கொட்டிலில் இருக்கின்றன. பின் ஒழுங்கையில் டெலிக்கா வான் வைத்திருக்கிற தம்பி அடுத்த மாசியில் தொடங்கப் போகிறாராம். வந்து எடுத்துக்கொள்ளலாம். குருநகர் அண்ணையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் வருவார். படங்கை மட்டும் இப்போதே சனசமூக நிலையத்தில் பதிந்து வையுங்கள், தையிலும் மாசியிலும் கலியாண வீடுகள் வரிசையாக வரும்.