வாட்சின் விலையை வைத்து ஆளை எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில் கைக்கடிகாரம் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் பளபளவென்று நன்றாகவே இருந்தன. ஆனால் வேலைக்குச் சேர்ந்த கையோடு ஒரு பெரிய பிராண்ட் வாட்ச் வாங்கிவிட வேண்டும், எதிரில் உட்காருகிறவர் முதலில் பார்ப்பது மணிக்கட்டைத்தான் என்ற பொருளில் இரண்டு மூன்று வரிகள் இருந்தன. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷமாக வாட்ச் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ரொம்ப விலையுள்ளதும் என் மேஜைக்கு வருகிறது, சாதாரணமானதும் வருகிறது. பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தால் எது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். விலை உயர்ந்த வாட்ச் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குக் கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மரியாதை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்குகிற பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

சமீபத்தில் ஒரு பையன் வந்தான். இருபத்தி நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அதற்குள் இருந்த துணியைப் பிரித்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு ஆட்டோமேட்டிக் வாட்சை, அதாவது கை அசைவிலேயே ஸ்பிரிங் முறுக்கேறி ஓடுகிற வாட்சை, எடுத்து வைத்தான். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் முந்திப் போகிறதாம். ஏமாந்துவிட்டோமோ என்று பயந்துபோயிருந்தான். திறந்து பார்த்தேன், மிஷின் அசல்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற, முடியைவிட மெல்லிசாக இருக்கிற ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. காந்தம் ஏறியிருக்கிறது. ராத்திரி எங்கே வைப்பாய் என்று கேட்டேன். மேஜையில் ஸ்பீக்கர் பக்கத்தில் என்றான். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும், ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் வாட்ச் வேகமாக ஓடும். காந்தத்தை எடுக்கிற சின்ன கருவி ஒன்று இருக்கிறது, அதில் வைத்து எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

கையில் கட்டிக்கொண்டு போப்பா என்றேன். தயங்கினான். அப்போதுதான் அவன் கையைக் கவனித்தேன், ஒரு சின்ன பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் கட்டியிருந்தான். ஆட்டோமேட்டிக்கை முக்கியமான மீட்டிங்குக்கு மட்டும் கட்டுவானாம். மற்ற நாட்களில் கீறல் விழுந்துவிடுமோ என்று பயம், பஸ்ஸில் கூட்டத்தில் போக பயம். தவணை இன்னும் பதினாலு மாசம் பாக்கி இருக்கிறதாம். அவன் காலையில் எழுந்திருப்பதும், வண்டியைப் பிடிப்பதும், வேலையை முடிப்பதும் அந்தப் பிளாஸ்டிக் வாட்சைப் பார்த்துத்தான். பெட்டியில் தூங்குகிற வாட்சுக்குத்தான் மாசா மாசம் சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மரியாதை என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது உங்கள் பத்திரிகையும் சொல்லியிருக்கிறது.

சரி, நேரம் காட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தில் சி.ஓ.எஸ்.சி. என்கிற அமைப்பு பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடுகிற மெக்கானிக்கல் வாட்ச்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சோதனையில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம். இது உயர்ந்த தரம், சந்தேகமே இல்லை, பல் சக்கரமும் ஸ்பிரிங்கும் வைத்து இவ்வளவு துல்லியம் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளைக்கு 6 விநாடி என்றால் மாசத்துக்கு 3 நிமிஷம். பேட்டரியில் ஓடுகிற ஒரு சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கே 15 விநாடி, போனால் 30 விநாடிதான் மாறும். அதன் உள்ளே இசைக்கவை மாதிரி வெட்டிய குட்டிக் குவார்ட்ஸ் படிகத் துண்டு ஒன்று விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை 15 தடவை பாதி பாதியாக்கினால் சரியாக 1 வரும். அந்த ஒன்றுதான் விநாடி முள்ளைத் தள்ளுகிறது. இதைவிட அழகான யோசனையை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை, அதுவும் எல்லோரும் வாங்கக்கூடிய வாட்சுக்குள் இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். இந்தக் குவார்ட்ஸ் வாட்சே ஒரு காலத்தில் பணக்காரர்களின் அடையாளமாக இருந்தது. 1969 டிசம்பர் 25 அன்று சீகோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 4,50,000 யென். அன்றைக்கு ஜப்பானில் ஒரு சின்ன கார் வாங்குகிற காசு அது. 1972-இல் வந்த பல்ஸர் டிஜிட்டல் வாட்சும் அப்படித்தான், கேஸ், அதாவது வெளிக்கூடு, 18 காரட் தங்கம், விலை 2,100 டாலர். பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பு எழுத்தில் மணி தெரியும், இல்லாவிட்டால் முகப்பு கறுப்பாகவே இருக்கும். அதைக் கட்டியிருந்தவர்கள் எவ்வளவு பெருமையாக அழுத்திக் காட்டியிருப்பார்கள்! பத்து வருஷம் ஆவதற்குள் டிஜிட்டல் வாட்ச் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. மணி அதே மணிதான், இன்னும் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் எல்லோரிடமும் வந்துவிட்ட பிறகு அதை அழுத்திக் காட்ட ஆள் இல்லை.

அந்த அலையில் சுவிஸ் தொழிலே ஆட்டம் கண்டது. சுமார் 90,000 பேர் வேலை செய்த இடத்தில் 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்கப்புறம் அங்கே இரண்டு வழி பிறந்தது. ஒன்று, 1983-இல் வந்த ஸ்வாட்ச், வெறும் 51 பாகம், பிளாஸ்டிக் உடம்பு, குறைந்த விலை. இன்னொன்று, துல்லியத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் மெக்கானிக்கல் வாட்சைக் கைவேலை, பாரம்பரியம், அந்தஸ்து என்று சொல்லி விற்பது. இரண்டாவது வழிதான் இன்றைக்கு உங்கள் விளம்பரப் பக்கங்களை நிரப்புகிறது.

அந்தஸ்து என்று இன்று காட்டுகிற பல வாட்ச்கள் பிறந்ததே வேலைக்காகத்தான் என்பதையும் அந்தக் கட்டுரையில் காணோம். நூற்றிப்பத்து நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஆண்கள் பாக்கெட்டில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவதைப் பெண்களின் நகை என்று நினைத்தார்கள். விமானி சான்டோஸ் டூமோன் பறக்கும்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, பாக்கெட்டைத் துழாவ முடியவில்லை என்று சொன்னதால் நகைக் கடைக்காரர் கார்ட்டியே 1904-இல் அவருக்குக் கைக்கடிகாரம் செய்துகொடுத்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்களுக்கும் அதே தேவைதான். 1953-இல் வந்த ரோலெக்ஸ் சப்மரீனர் 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று முக்குளிப்பவர்களுக்காகச் செய்தது. ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் 1957-இல் கார் பந்தயத்தை மனதில் வைத்து வந்தது, பிறகு நாசாவின் சோதனைகளைத் தாங்கி 1969-இல் ஆல்ட்ரின் கையில் நிலாவுக்கே போனது. ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதை விண்கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார், ஏனென்றால் உள்ளே இருந்த கருவியில் மணி ஓடவில்லை. எல்லாமே அடி படவும் அழுக்காகவும் செய்த கருவிகள். அவற்றைத்தான் இன்று கீறல் விழும் என்று பெட்டியில் பூட்டுகிறோம்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாவி கொடுத்து ஓடுகிற வாட்சின் மேல் உண்மையான ஆசை உள்ளவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. கையில் காசு இருந்து, விருப்பப்பட்டு வாங்கி, தினமும் கட்டினால் அதைப் போல் சந்தோஷம் வேறு என்ன. அப்பா கட்டியதை மகள் கட்டிக்கொண்டு வரும்போது நான் எழுந்து நின்றுதான் வாங்குகிறேன். ஆனால் ஒரு வாட்சின் விலைக்கும் அது காட்டுகிற நேரத்துக்கும் சம்பந்தம் அறுந்து ரொம்ப நாளாகிறது. 2017-இல் நியூயார்க் ஏலத்தில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா சுமார் 1.77 கோடி டாலருக்குப் போனது. ஸ்டீல் வாட்ச்தான் அது. அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது, பின்மூடியில் கவனமாக வண்டி ஓட்டு என்று எழுதிப் பொறித்துக் கொடுத்தது. யார் கையில் இருந்தது என்பதற்குத்தான் அந்த விலை. கடையில் புதிதாக வாங்குகிறவருக்கு அந்தக் கதை கூடவே வந்துவிடாது.

இந்த ஆசைக்குப் பலியாகிற இன்னொரு கூட்டம் டூப்ளிகேட் வாங்குகிறவர்கள். முகப்பில் மூன்று சின்ன வட்டம் இருக்கும், அதில் ஒன்றுகூட ஓடாது, வெறும் அச்சு. உள்ளே திறந்தால் விலை குறைந்த குவார்ட்ஸ் மிஷின், அதை அசையாமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். அதே காசுக்கு, சில சமயம் அதைவிடக் குறைந்த காசுக்கு, தன் சொந்தப் பெயரில் வருகிற உருப்படியான வாட்ச் கிடைத்திருக்கும். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொள்ளவும் வேண்டியிருந்திருக்காது.

என்னிடம் வருகிற ஒரு நர்ஸ் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை டயல், பெரிய எண்கள், நீளமான சிவப்பு விநாடி முள், ரப்பர் ஸ்ட்ராப். பதினோரு வருஷமாக அதே வாட்ச். நாடி பார்க்க விநாடி முள் வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கை கழுவ வேண்டும், ராத்திரி டியூட்டியில் மங்கிய வெளிச்சத்தில் எண் தெரிய வேண்டும். இதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம். இதுவரை நான் மாற்றியது நாலு பேட்டரி, மூன்று ஸ்ட்ராப், ஒரு தடவை தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையம். கண்ணாடி முழுக்கக் கீறல்தான். மாற்றித் தரட்டுமா என்றால், முள் தெரிகிறதே, போதும் என்பார். எத்தனை பேருடைய நாடியை எண்ணிய முள் அது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு நீந்தலாம் என்று அர்த்தம் இல்லை, கை கழுவும்போதும் மழையிலும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீந்துகிறவர்கள் 100 மீட்டர் பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ராப் சேருகிற இடத்தின் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொதுவான அளவில் இருந்தால் நாளைக்கு எங்கே வேண்டுமானாலும் ஸ்ட்ராப் மாற்றலாம், அந்தக் கம்பெனிக்கே திரும்பப் போக வேண்டியதில்லை. பேட்டரி தீர்ந்து நின்ற வாட்சை அப்படியே டிராயரில் போட்டுவிடாதீர்கள், செல் கசிந்து மிஷினை அரித்துவிடும், எனக்கு வருகிற வாட்ச்களில் பாதி இப்படித்தான் கெட்டுப்போனவை. அடிக்கடி பேட்டரி மாற்ற அலுப்பாக இருந்தால் வெளிச்சத்தில் ஓடுகிற சோலார் வாட்ச் பார்க்கலாம்.

மெக்கானிக்கல் வாட்ச் என்றால் ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாகப் பிரித்து, கழுவி, ஆயில் போட வேண்டும். ஒரு தடவை சர்வீஸுக்கு ஆகிற செலவில் சில சமயம் இரண்டு மூன்று நல்ல குவார்ட்ஸ் வாட்ச் வாங்கிவிடலாம். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. ஸ்மார்ட்வாட்ச் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல இல்லை, தினமும் சார்ஜ் போடப் பிடித்தவர்கள் வாங்கட்டும்.

சாதாரண வாட்ச் என்றால் சும்மா செய்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா கொடுத்த வாட்ச் கீழே விழுந்து உடைந்த வருத்தத்தில்தான் கேசியோவின் இபே கிகுவோ உடையாத வாட்ச் செய்யக் கிளம்பினார். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து போட்டுப் போட்டு உடைத்துப் பார்த்தார், சுமார் 200 மாதிரிகள். கடைசியில் ஒரு சிறுமி பந்தை அடித்து விளையாடுவதைப் பார்த்தபோதுதான் மிஷினைக் கேஸுக்குள் மிதக்கிற மாதிரி வைக்கலாம் என்று தோன்றியதாம். 1983-இல் ஜி-ஷாக் வந்தது. அதே கம்பெனியின் எஃப்-91டபிள்யூ 1989-இல் வந்தது, 21 கிராம் எடை, ஒரு பேட்டரி சுமார் 7 வருஷம், இன்றைக்கும் விற்கிறார்கள். தவணை கட்டுகிற அந்தப் பையன் கையில் இருந்ததும் அதுதான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாட்ச் பற்றிப் பக்கம் போடும்போது ஒவ்வொரு படத்தின் கீழேயும் விலையோடு சேர்த்து மூன்று விவரம் போடுங்கள்: மாசத்துக்கு எத்தனை விநாடி மாறும், தண்ணீரை எதுவரை தாங்கும், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ், அதற்கு என்ன செலவு. குறைந்த விலை வாட்ச்களையும் அதே பக்கத்தில், அதே அளவு படத்தோடு போடுங்கள். விவரம் சேகரிக்க ஆள் வேண்டும் என்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாட்ச் பழுது பார்க்கும் ஒரு வாசகர்