லினக்ஸ் உதவி கேட்போர் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் கணினிக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ‘வைஃபை வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ இயலாது. ஆகவே லினக்ஸ் மிண்ட் இயங்குதளத்தில் உள்ள ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ (22.3 பதிப்பு முதல் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’) செயலியைத் திறந்து, அதில் வரும் கணினி விவரத்தை நகலெடுத்து, பிழைச் செய்தியையும் எழுத்து மாறாமல் சேர்த்து அனுப்பவும். அதுவரை தோட்டத்து வீடுகளில் இருப்போர் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் பெறலாம்.

இங்கு விடை கிடைக்காவிடில் மிண்ட்டின் சொந்தக் கருத்துக்களத்தை நாடவும். மிண்ட் 22 பதிப்பு உபுண்டு 24.04 என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டிருப்பதால், 2010 முதல் இயங்கும் ஆஸ்க் உபுண்டு என்ற கேள்வி-பதில் தளத்தின் விடைகளும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் மிண்ட் பற்றிய கேள்விகளை அங்கு ஏற்பதில்லை என்பதால், தேடிப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும். ‘சூடோ’ (sudo) எனத் தொடங்கி நிர்வாகி உரிமையுடன் இயங்கும் கட்டளையை, யார் கொடுத்தாலும் சரி, அது என்ன செய்யும் என்று விளங்காமல் டெர்மினல் எனும் கட்டளைச் சாளரத்தில் ஒட்ட வேண்டாம்.