அந்த வசனத்துக்கு அடுத்த வசனத்தையும் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்ப இரட்சிப்பு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். வீட்ல ஒருத்தர் விசுவாசிச்சா போதும் மொத்த குடும்பமும் இரட்சிக்கப்படும்னு ஒரு பைபிள் வசனத்த காட்டி, இது தேவன் குடுத்த கேரண்டின்னு அதுல எழுதியிருந்தாங்க. எழுதினவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாங்க, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா இதே வசனத்த வெச்சு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அதனால எழுதாம இருக்க முடியல.

நான் இயேசுவ ஏத்துக்கிட்டு 19 வருஷம் ஆச்சு, எங்க வீட்டுக்காரர் இன்னும் விசுவாசத்துக்கு வரல. என்னை சர்ச்சுக்கு போகாதேன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல, மழை வந்தா அவரே கொண்டு போய் விட்டுட்டு வாசல்லயே நின்னு திரும்பிடுவார், உள்ள மட்டும் வர மாட்டார். ஒரு ஜெபக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ஒரு சபை ஊழியர் என்னை பாத்து, இத்தனை வருஷமாகியும் உன் புருஷன் வரலைன்னா வசனம் பொய்யா, வசனம் பொய்யாகாது, அப்ப உன் விசுவாசத்துலதான் ஓட்டை இருக்குன்னு சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஜெபம் ஜெபமா இல்ல, கணக்கு பாக்குற மாதிரி ஆயிடுச்சு, இன்னும் எத்தனை உபவாசம் இருக்கணும் எங்க தப்பு பண்ணேன் எந்த பாவத்த அறிக்கை பண்ணாம விட்டேன்னு அதே நெனப்பு. போதாததுக்கு அவர் முகத்த பாத்தாலே கோவம் வரும், இவராலதான எனக்கு அவமானம்னு. அவர் என்ன பண்ணுவார் பாவம்.

அந்த வசனம் அப்போஸ்தலர் 16:31. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்." சுவர்ல மாட்டி வெக்கிறோம், காலண்டர்ல போடுறோம், ஆனா இது யாருக்கு எப்ப சொன்னதுன்னு யாரும் நின்னு பாக்குறதில்ல. பிலிப்பி பட்டணத்து ஜெயில்காரனுக்கு சொன்னது. நடுராத்திரி, பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துகிட்டு எல்லார் கட்டும் கழண்டு போச்சு, கைதிங்க ஓடிட்டாங்கன்னு நெனச்சு அவன் பட்டயத்த உருவி தன்னையே வெட்டிக்கப் போறான். அப்பதான் சீலாவோட உள்ள அடைபட்டிருந்த அப்போஸ்தலர் பவுல் சத்தம் போடுறார், "நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்"னு. சாகப் போனவன் நடுங்கிக்கிட்டே நான் என்ன செய்யணும்னு கேக்குறான், அவனுக்கு கெடச்ச பதில்தான் அந்த வசனம்.

இப்ப அடுத்த வசனத்துக்கு வாங்க. 32ல, அவனுக்கும் அவன் வீட்ல இருந்த எல்லாருக்கும் வசனத்த போதிச்சாங்கன்னு இருக்கு. அதாவது நீ விசுவாசிச்சுட்ட, வீட்டாருக்கும் சேர்த்து முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு பவுலும் சீலாவும் போயிடல. முதுகெல்லாம் அடிபட்டு ரத்தம் காயாம இருந்த மனுஷங்க, வீட்ல இருந்த எல்லாருக்கும் அந்த நேரத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. 33ல அந்த ஜெயில்காரன் அவங்க காயத்த கழுவுறான். தொழுமரத்துல, அதாவது கைதிங்க கால பூட்டுற கட்டையில, அவங்க கால மாட்டி வெச்ச அதே கைதான் கழுவுது, வீட்ல இருந்தவங்க அத கண்ணால பாத்திருப்பாங்கல்ல? அதுக்கப்புறம்தான் அவனும் அவனை சேர்ந்தவங்களும் ஞானஸ்நானம் எடுத்தாங்க. நான் அந்த அதிகாரத்த எத்தனை தடவை படிச்சாலும் அந்த கழுவுற எடத்துல நின்னுடுவேன்.

அப்போஸ்தலர் 10ல வர்ற ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்லயும் இதேதான், அவர் சொந்தக்காரங்களயும் நெருங்கின சிநேகிதர்களயும் கூட்டி வெச்சார், பேதுரு எல்லாருக்கும் பேசினார், வசனத்த கேட்டவங்க எல்லார் மேலயும் பரிசுத்த ஆவி இறங்கினார். ஒருத்தர் நம்பினதால கதவு திறந்துச்சு, ஆனா உள்ள ஒவ்வொருத்தரும் தன் காலாலதான் நடந்து வரணும். எசேக்கியேல் 14ல நோவா தானியேல் யோபுங்கிற நீதிமான்கள் மூணு பேரும் பாவம் பண்ண ஒரு தேசத்துல இருந்தாலும் தங்கள் ஆத்துமாவ மட்டும்தான் தப்புவிப்பாங்க, பிள்ளைங்கள கூட தப்புவிக்க மாட்டாங்கன்னு கர்த்தர் சொல்றார். யோபு பிள்ளைங்களுக்காக அதிகாலையில எழுந்து ஒவ்வொருத்தர் கணக்குக்கும் பலி செலுத்தின மனுஷன், அவருக்கே அப்படின்னா! குழந்தை ஞானஸ்நானம் குடுக்கிற பல சபைங்கள்ல கூட அந்த பிள்ளை வளர்ந்ததும் திடப்படுத்தல்ங்கிற ஆராதனையில தன் விசுவாசத்த தன் வாயால அறிக்கை பண்ணணும்.

இன்னொண்ணு. இயேசுவோட சொந்த சகோதரர்களே அவர விசுவாசிக்கலன்னு யோவான் 7:5ல இருக்கு. ஒரே வீட்ல இருந்தவங்க. அப்ப மரியாளோட விசுவாசத்துல ஓட்டைன்னு யாராவது சொல்லுவாங்களா? அதே சகோதரர்கள் அவர் உயிர்த்தெழுந்த பிறகு மேல் வீட்டறையில தாயார் கூட உக்காந்து ஜெபம் பண்றாங்க, அப்போஸ்தலர் 1:14. வந்தாங்க, ஆனா அவங்க நேரத்துல வந்தாங்க.

ஆதி திருச்சபையோட பெரிய போதகர் அகுஸ்தீனோட அம்மா மோனிக்காவ பத்தி படிச்சப்ப எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு. மகன் வேற போதனைகளுக்கு பின்னாடி போயிட்டான்னு வருஷக்கணக்கா அழுதாங்க. என் பையன்கிட்ட பேசி புரிய வைங்கன்னு ஒரு பிஷப்ப போய் கெஞ்சினாங்க, அவரோ இப்ப பேசினா கேக்க மாட்டான் அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்க, இவ்வளவு கண்ணீர் விட்ட பிள்ளை கெட்டுப் போக மாட்டான்னு சொல்லி அனுப்பினார். 387ல மிலான்ல அந்த ஊர் பிஷப் அம்புரோஸ் கையால அகுஸ்தீன் ஞானஸ்நானம் எடுத்தார், அதே வருஷம் மோனிக்கா இறந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் பத்ரீசியும் முன்கோபக்காரர், விசுவாசம் இல்லாதவர், அவரும் கடைசி காலத்துலதான் வந்தார். அந்த பிஷப் உன் விசுவாசம் பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அம்மா என்ன ஆகியிருப்பாங்கன்னு நெனச்சு பாக்குறேன்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடுறேன். என் சொந்தத்துல ஒரு பையன், பைபிள தொடுறதே இல்ல, கேட்டா எங்கம்மா எனக்கும் சேர்த்து ஜெபிக்கிறாங்க அது போதும்கிறான். அவன் விளையாட்டுக்கு சொல்லல, நெஜமாவே அப்படித்தான் நம்புறான். கேரண்டின்னு சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க அப்படித்தான நம்பும்?

என்னை அந்த பாரத்துலேர்ந்து எடுத்து விட்டது 1 கொரிந்தியர் 7:16தான். "மனைவியானவளே, நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்?" பவுல் இத திட்டி கேக்கல, உனக்கு தெரியாதும்மா, சமாதானமா அவரோட இருன்னு சொல்றார். முதல் தடவை இது புரிஞ்சப்ப சமையல்கட்டுல நின்னுகிட்டே அழுதுட்டேன். இரட்சிக்கிறது என் வேலை இல்ல, அவரோட அன்பா இருக்கிறதும் அவருக்காக கேக்குறதும்தான் என் பங்கு. அதுக்கப்புறம் சாப்பாட்டு நேரத்துல பிரசங்கம் பண்றத விட்டேன். இந்த ஊழியர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள், வீட்டார் வராத ஒருத்தர பாத்தா தயவு செஞ்சு அவங்க விசுவாசத்த அளக்காதீங்க, கூட உக்காந்து ஒரு ஜெபம் பண்ணுங்க.

எனக்கு இப்ப முட்டி வலி. காலைல அஞ்சு மணிக்கு கட்டில் பக்கத்துல முழங்கால் போடுவேன். போன மாசம் ஒரு நாள் எழுந்து பாத்தா நான் முழங்கால் போடுற எடத்துல தரையில ஒரு தலகாணி கெடந்துச்சு. அவரோடது. அவர் சுவர் பக்கம் திரும்பி கைய மடக்கி தலைக்கு வெச்சு படுத்திருந்தார். நான் ஒண்ணும் கேக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல. அன்னைலேர்ந்து தெனமும் அந்த தலகாணி அங்கதான் இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகி