கிட் வேண்டாம் அம்மிணி, ஒரு ஆளுக்குச் சம்பளம் அனுப்பு

கண்ணு அம்மிணிக்கு அம்மா எழுதுவது.

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எழுத்துப் பழக வாங்கித் தரலாம் என்று நீயும் உன் ஆபீஸ் தோழிகளும் அனுப்பின பட்டியலை இரண்டு தடவை படித்தேன். இருபது கிட், ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் எழுத்து, படம் போட்ட அட்டை, தொட்டால் பேசுகிற பேனா. நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேள்.

இருபத்தெட்டு வருசம் பால்வாடியில் இருந்தவள் நான். அந்த இருபத்தெட்டு வருசத்தில் எத்தனையோ தடவை விளையாட்டுச் சாமான் வந்து இறங்கியிருக்கிறது. வந்த அன்று போட்டோ எடுப்போம், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவோம், பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவோம். உடைந்தால் யார் கணக்குச் சொல்வது? அடுத்தவரைக் குறை சொல்லவில்லை, பூட்டினவளே நான்தான். சத்துமாவும் முட்டையும் பிள்ளை வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தன, பொம்மை கைக்குப் போகவில்லை.

இப்போது சூளைக்கு வருகிறேன். தை பிறந்ததும் வந்து இறங்குவார்கள், மழை பிடிப்பதற்கு முன்னால் போய்விடுவார்கள், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் தர்மபுரி, விழுப்புரம் பக்கத்து ஆட்கள். இந்த வருசம் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். நம் ஊரில் எல்லோரையும் சேர்த்து 'இந்திக்காரங்க' என்று சொல்லிவிடுகிறார்கள், அவர்கள் பேசுவது ஒடியா. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு, அதனால் வெயில் ஏறுவதற்குள் முடிக்க ராத்திரி இரண்டு மணிக்கே புருசனும் பொண்டாட்டியும் களத்தில் இறங்கிவிடுவார்கள். பொடுசுகள் சாக்கு மேலே தூங்கும். விடிந்தால் இன்னும் சுடாத பச்சைக்கல்லைத் திருப்பிப் போட அதுகளும் போகும். பால்வாடி இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டில் டிப்பர் லாரி, யார் கூட்டிக்கொண்டு போவது? அப்படியே போனாலும் அங்கே பேசுவது அதுகளுக்குப் புரியாது. நம் டீச்சர் பாவம், 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' புத்தகத்தை வைத்துக்கொண்டு பாட்டெல்லாம் நன்றாகத்தான் சொல்லித்தருகிறாள், இந்தப் பிள்ளைகள் மட்டும் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் போன வருசம் நானே சாயங்காலம் போக ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு பயல், நாலு வயசு இருக்கும், கையில் களிமண்ணை வைத்துக்கொண்டு "மாட்டி, மாட்டி" என்றான். எதிலோ மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது என்று கையையும் காலையும் தடவிப் பார்த்தேன். அவன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாட்டி என்றால் அவர்கள் பேச்சில் மண்ணாம்!

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு. மாட்டிக்கும் ம, மண்ணுக்கும் ம. தண்ணீருக்கு அவர்கள் பாணி என்கிறார்கள், நம் பானைக்கும் ப. பணத்துக்கு டங்கா, அது ட. தமிழ் இலக்கணத்தில் ட முதலில் வராது என்பார்கள், சூளையில் வந்து பார்க்கட்டும், டீ, டம்ளர், டிராக்டர், டங்கா, எல்லாமே டவில்தான் தொடங்குகிறது. ட, ப, ம மூன்றும் சுழி இல்லாத எழுத்து, நேர்க்கோடு போடத் தெரிந்தால் பாதி வந்த மாதிரி. இந்த மூன்றும் மேலே வைக்கிற புள்ளியும் தெரிந்தாலே படம் என்று எழுதிவிடலாம், பட்டம் என்று எழுதிவிடலாம். 247 எழுத்து என்று பிள்ளையைப் பயமுறுத்தவே தேவையில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, அப்புறம் காலும் கொம்பும் கொக்கியும்தான். உகர வரிசை மட்டும் கொஞ்சம் படுத்தும்.

உங்கள் அம்மிச்சி கடைசி வரைக்கும் 'லை'க்குத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதினாள், ஞாபகம் இருக்கிறதா? 1978இல் அரசாணை போட்டு அதையெல்லாம் மாற்றினார்கள். அதற்கு நாற்பது வருசத்துக்கு முன்பே, 1935இல், நம் ஈரோட்டுப் பெரியார் 'குடிஅரசு'வில் அந்த எழுத்தில் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். படிக்கிறவனுக்குக் கஷ்டம் என்றால் எழுத்தையே திருத்தலாம் என்று நினைத்த மனுசன். நாம் சொல்லித்தருகிற முறையைக்கூட மாற்ற மாட்டோம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். கல் அறுக்கும் அச்சில் சூளையின் பேர் பதிகிற மாதிரி ஒரு கட்டை இருக்கும் இல்லையா, அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதலில் பார்த்த எழுத்தே அதுதான். எந்தக் கல் யார் சூளைக்கல் என்று மூணு வயசுப் பிள்ளை சொல்லுகிறது, அதுவும் ஒரு வாசிப்புத்தானே. சரி, அதே மாதிரி தமிழ் எழுத்துக்குச் சின்னதாக அச்சு செய்யலாம் என்று ஆசாரியிடம் மூன்று எழுத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவரும் அழகாகக் குடைந்து கொண்டுவந்தார். களிமண்ணில் அமுக்கினால் ட திரும்பி நிற்கிறது, ம திரும்பி நிற்கிறது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றிக் குடைய வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ப மட்டும் இடம் வலம் மாறினாலும் ப, தப்பித்தது. எழுநூறு ரூபாய் போச்சு என்று உங்கள் அப்பா முனகினார். அப்புறம் மாற்றிக் குடைந்து புது அச்சும் வந்தது, ஆனால் அந்தத் தப்பு அச்சைத்தான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. புது அச்சையும் பழைய அச்சையும் பக்கத்தில் அமுக்கி எது நேர், எது திருப்பம் என்று சண்டை போட்டு, அப்படியே பழகிவிட்டார்கள்.

மண்ணில் உருட்டி எழுத்து செய்வது, புளியங்கொட்டையை அதன் மேல் அடுக்குவது, விரலால் தடவுவது, அப்புறம் தரையில் குச்சியால், கடைசியில்தான் சிலேட்டு. இதில் புதுசு ஒன்றும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் விரல் வைத்து எழுதினார்கள். 1939இல், சின்னப் பிள்ளைகள் படிப்புக்குப் பேர்போன மாண்டிசோரி அம்மா அடையாறுக்கு வந்து, யுத்த காலம் முழுக்க இந்தியாவிலேயே இருந்தாரே, அவரும் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி விரலால் தடவத்தான் சொன்னார். மூணு வயசில் மணிக்கட்டு எலும்பு பாதிக்கு மேல் குருத்தாகத்தான் இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் எப்படி?

திணித்தேனே, உன் கையில். பால்வாடி டீச்சர் மகளுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, மூணு வயசில் தினம் ஒரு பக்கம் 'அ' எழுதவைத்தேன். சுழியும் வளைவும் உள்ள எழுத்து அது. நீ அழுதுகொண்டே எழுதுவாய், விரலில் காய்த்துப்போயிருக்கும். ரெண்டாவது படிக்கும்வரை உனக்குத் தமிழ் நோட்டு என்றாலே வயிற்றுவலி. அது ஏன் என்று எனக்குப் புரிய இந்தச் சூளைக்குப் போக வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம். மண் சூளையில் கொட்டிக் கிடக்கிறது, புளியங்கொட்டை வீட்டில் இருக்கிறது. இல்லாதது பேச ஒரு ஆள். எழுத்துக்கு முன்னால் பேச்சு வேண்டும் அம்மிணி. பிள்ளை தன் பேச்சில் ஒரு கதையைக் கேட்டு, தன் பேச்சில் பதில் சொல்லி, அப்புறம்தான் தமிழுக்கு வரும். எனக்கு ஒடியா பத்து வார்த்தை தெரியும், அதை வைத்துக் கதை சொல்ல முடியுமா? பேசுகிற பேனாவும் அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாது. அங்கே ஒருத்தி இருக்கிறாள், மூணு சீசனாக வருகிறாள், ஆறாவது வரைக்கும் படித்தவள், தமிழ் நம்மாட்டமே பேசுகிறாள். முதல் நாள் சிரித்தாளே, அவள்தான். பிள்ளைகள் அவளைச் சுற்றியேதான் கிடக்கும். ஆனால் ரெண்டு மணி நேரம் அவள் வந்து உட்கார்ந்தால் இருநூறு கல் போகும், அந்தக் கூலியை யார் தருவார்கள்? "ஏனுங்க அம்மா, எனக்கும் ஆசைதான், கல்லு கணக்கு விடமாட்டேங்குது" என்று நம் பேச்சிலேயே சொல்கிறாள்.

அவளுக்கு மாசாமாசம் ஒரு தொகை, தை முதல் ஆனி வரை ஆறு மாசம். தென்னங்கீற்று வேய்ந்து ஒரு சின்னச் சாளை, தகரம் போட்டால் வெந்துபோவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற கதைப்புத்தகம் இருபது, அதில் பத்து ஒடியாவில் கிடைத்தால் நல்லது, நீதான் தேடிப் பார்க்க வேண்டும். பீரோ வேண்டாம். மொத்தமும் கூட்டினால் நீங்கள் சொன்ன தொகையில் பாதிகூட வராது, கணக்கு எழுதித் தனியாக அனுப்புகிறேன்.

ஆறு மாசத்தில் எல்லாம் வந்துவிடும் என்று உன் தோழிகளிடம் சொல்லிவிடாதே. ஊருக்குப் போனால் பாதி மறந்துதான் வருவார்கள், சிலர் வேறு சூளைக்குப் போய்விடுவார்கள். அஞ்சு வயசு ஆனதுகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் அரசாங்கத்தின் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளலாம். 2022இலிருந்து நடக்கிறது, அதிலும் செய்து பார்த்துப் படிக்கிறதுதான். அந்த வாசல் வரைக்கும் பயமில்லாமல் கொண்டுபோய் விட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

மாட்டிப் பயல் போன வைகாசியில் யாரும் பார்க்காதபோது காயவைத்த பச்சைக்கல்லில் வரிசையாகப் பன்னிரண்டு கல்லுக்கு ம அமுக்கிவிட்டான், பாதி நேர், பாதி திருப்பம். மேஸ்திரி கத்தினார், ஆனால் கல் வெந்து லோடும் போய்விட்டது. பெருந்துறைப் பக்கம் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கும். ஒன்றை மட்டும் கெஞ்சி வாங்கி உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், திருப்பி நிற்கிற ம. மூணு கிலோ இருக்கும், விமானத்தில் விடுவார்களா என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா