பாட்லக் விருந்து: உணவைத் தேர்வதற்கு முன் மணியைக் கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதி நெருங்கினால் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில், ஆளுக்கொரு உணவு கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் பாட்லக் விருந்துக்கான பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். பெயர், உணவு என்று இரண்டே கட்டங்கள். வீட்டில் பாராட்டு வாங்கிய உணவையே பெரும்பாலானோர் எழுதுகிறார்கள். அடுப்பை அணைத்த நேரத்திலிருந்து தட்டில் பரிமாறும் நேரம்வரை எவ்வளவு இடைவெளி என்று யாரும் பார்ப்பதில்லை.

காலை 6.30 மணிக்குச் சமைத்து முடித்து, பெட்டியில் அடைத்து, ரயிலேறி, பகல் 12.30க்கு மூடியைத் திறந்தால் ஆறு மணி நேரம் ஓடியிருக்கும். இங்கே சிங்கப்பூரில் கேட்டரிங் உணவோடு வரும் ஒட்டுவில்லையில் எத்தனை மணிக்குள் சாப்பிடவேண்டும் என்று குறித்திருப்பார்கள். வெளியில் வைத்த உணவுக்குச் சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம் என்பது கணக்கு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ்வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதே காரணம். வீட்டுச் சமையல் என்பதற்காகக் கிருமிகள் சலுகை காட்டப்போவதில்லை.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். வெந்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே இரவே கிளறி, அடுப்பின்மேல் மூடிவைத்து, காலையில் அப்படியே தூக்கிச் செல்லும் பழக்கம்தான் இருப்பதிலேயே மோசம்.

வேறு சிலவும் வீட்டு மேசையில் ஜொலித்து அலுவலக மேசையில் சொதப்பும். மெதுவடையைச் சூடாக அடைத்தால் அதன் ஆவியே அதை நமுத்துப்போகச் செய்யும். ஏர்கான் குளிரில் நெய் உறைந்து கேசரி கட்டியாகிவிடும். நெய்யில் பாதிக்கு எண்ணெய் ஊற்றிக் கிளறினால் ஓரளவு தாங்கும். சாம்பார் சாதம் ஆற ஆறப் பருப்பு இறுகிக் கரண்டி நிற்கும். எலும்புள்ள கோழிக் குழம்பைக் காகிதத் தட்டில் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடச் சொல்வது சகஊழியருக்கு நாம் வைக்கும் சோதனை. தேங்காய்ச் சட்னியை விட்டுவிடுங்கள்.

‘மைக்ரோவேவ் இருக்கிறதே’ என்பார்கள். ஒரு மைக்ரோவேவுக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்பார்கள். அலுமினியத் தட்டை அதற்குள் வைக்கவும் முடியாது. பெரிய பாத்திரமாக வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று இருக்கும். சிறுசிறு பங்காகப் பிரித்து, இடையில் கிளறிச் சூடாக்கவேண்டும்.

வீட்டில் பாதி, அலுவலகத்தில் பாதி என்று முடிக்கக்கூடிய உணவே என் பரிந்துரை. அதற்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றுமில்லை. புளிக்காய்ச்சலை மூன்று நாளுக்கு முன்பே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். விருந்தன்று அதையும் அரிசியையும் ஒரு ரைஸ் குக்கரையும் கொண்டுபோனால் போதும். மின்சாதனம் கொண்டுவர அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில கட்டடங்களில் விடமாட்டார்கள்.

இருபது பேர், பத்து வகை உணவு என்றால் அரை கிலோ அரிசி தாராளம். வெந்தபின் ஏறக்குறைய 1.3 கிலோ வரும். ஆளுக்கு இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் யாரும் எடுக்கப்போவதில்லை. இருபது பேருக்கும் முழுச் சாப்பாடு சமைப்பதுபோல் இரண்டு கிலோ போட்டு, மாலையில் பாதியைக் குப்பையில் கொட்டுவது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து.

கொட்டை நீக்கிய புளி 80 கிராமை 400 மில்லிலிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். மல்லி ஒன்றரை மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மிளகாய் வற்றல் நான்கு. இவற்றை எண்ணெயில்லாமல் வறுத்துப் பொடிக்கவேண்டும். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் முழுவதும் கசந்துவிடும், திருத்த வழியில்லை. நல்லெண்ணெய் 100 மில்லிலிட்டரில் கடுகு, கடலைப்பருப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, கிள்ளிய மிளகாய் வற்றல் நான்கு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் முக்கால் தேக்கரண்டி சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். சோற்றுக்கும் சேர்த்து உப்பு மூன்றரைத் தேக்கரண்டியை இதிலேயே போட்டுவிடலாம். நடுத்தரத் தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம் கொதித்து எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்போது பொடியைத் தூவி, சிறு துண்டு வெல்லம் போட்டு இறக்குங்கள். எண்ணெய் பிரியுமுன் இறக்கினால் பச்சைப்புளி வாடை போகாது. நீர் மிஞ்சியிருப்பதால் சீக்கிரம் கெட்டும்போகும்.

வேர்க்கடலையை அதில் போடாதீர்கள். மூன்று நாளில் ஊறிச் சவசவத்துவிடும். ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் மொத்தமும் அவருக்கு விலக்காகிவிடும். வறுத்துத் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு மேசையின் மறுகோடியில் வையுங்கள்.

அலுவலகத்தில் 11.15க்குக் குக்கரைப் போட்டால் 12 மணிக்குள் சோறு தயார். வழக்கமாக விடும் தண்ணீரில் அரிசி கப்புக்குக் கால் கப் குறைத்தால் உதிரியாக வரும். புளிக்காய்ச்சலை மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்கிய பிறகே சேர்க்கவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே கலந்தால் சோற்றின் சூடு சட்டென்று இறங்கிவிடும். முதலில் முக்கால் பங்கை மட்டும் கலந்து, சூடு காக்கும் நிலையில் பதினைந்து நிமிடம் விட்டு ருசி பாருங்கள். கலந்த உடனே புளிப்பு தூக்கலாகத்தான் தெரியும், சோறு இழுத்தபின் அடங்கும். 1.8 லிட்டர் குக்கராக இருந்தால் அதற்குள்ளேயே கிளற இடமிருக்கும்.

குக்கருக்கு அனுமதியில்லை என்றால் எஃகினாலான வெற்றிடப் பாத்திரம் வேண்டும். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, சூடான புளியோதரையைக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் விரைவில் ஆறும். சாதாரண பிளாஸ்டிக் ஹாட்பேக் ஐந்தாறு மணி நேரம் 60 டிகிரிக்கு மேல் காக்கும் என்று நம்பவேண்டாம். ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

‘சைவம்தானே, எல்லாரும் சாப்பிடலாம்’ என்பதும் அவசர முடிவு. முஸ்லிம் அல்லாதவர் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததைச் சில முஸ்லிம் நண்பர்கள் தொடுவார்கள், சிலர் தவிர்ப்பார்கள். குழுவில் பொதுவாகக் கேட்காமல் தனியே கேட்பது மரியாதை. தயக்கம் தெரிந்தால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் பெற்ற கடையில் வாங்கிப் பிரிக்காமல் கொண்டுபோகலாம்; அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பிரியாணி வேண்டுமென்று அடம்பிடிப்போருக்கும் 12 மணிக்குக் கடையிலிருந்து வரவழைப்பதே நல்லது.

பௌத்த நெறிப்படி சைவம் உண்ணும் சீன நண்பர்களில் பலர் வெங்காயம், பூண்டோடு பெருங்காயத்தையும் விலக்குவார்கள். மேலே சொன்ன புளிக்காய்ச்சலில் மூன்றும் இல்லை. கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கும் இது தோதுப்படும். எள் ஒவ்வாதவருக்காக நல்லெண்ணெய் சேர்ந்திருப்பதை மட்டும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

பட்டியல் தயாரிக்கும் மனிதவளப் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். பெயர், உணவு ஆகிய இரு கட்டங்களோடு சமைத்து முடிக்கும் நேரம், சூடாக்க வேண்டுமா, ஒவ்வாமைப் பொருள் என மூன்று கட்டங்களைக் கூட்டுங்கள். மைக்ரோவேவ் வரிசை எவ்வளவு நீளும் என்பது முதல்நாளே தெரிந்துவிடும். ஐந்து பேர் பீஹூன் (அரிசிச் சேமியா) கொண்டுவரப்போவதும்தான்.

வாசகர்,
புக்கிட் பாத்தோக்